10 கிராம் மோனோஃபிலமென்ட் வாங்கலாமா? அப்பாவின் காலில் வைத்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பல வருடமாகச் சர்க்கரை நோயோடு இருப்பவர் யாராவது இருந்தால், பாதத்தில் தொடு உணர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற இந்த இழையை வாங்கலாம். விலை சில நூறு ரூபாய்தான், ஒரே ஒருவருக்குப் பயன்படுத்தினால் நெடுநாள் வரும். ஆனால் பெட்டிக்குள் வைத்திருக்கிற தாளில் படம் போட்டிருப்பது போல ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு தடவை தொட்டு, தெரியுதா தெரியலையா என்று கேட்டு டிக் போட்டுக்கொண்டே போனால், கிடைக்கிற முடிவை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஏன் என்பதற்கே இந்த விமர்சனத்தில் பாதி இடம் போகப்போகிறது, ஏனென்றால் அது பொருளின் குறை இல்லை, நம் மூளை தொடுதலை வாங்கிக்கொள்கிற விதமே அப்படித்தான்.

பொருள் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி, அதன் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நைலான் இழை. பார்க்கத் தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும், அதைவிட விறைப்பு அதிகம். இழையின் நுனியைத் தோலில் நேராக வைத்து அழுத்தினால் கொஞ்ச தூரம் நிமிர்ந்தே நிற்கும், விசை 10 கிராம் அளவை எட்டியதும் வளைந்துவிடும். வளைந்த பிறகு நாம் எவ்வளவு தள்ளினாலும் தோலில் விழுகிற அழுத்தம் ஏறுவதில்லை. அதனால் கை நடுங்குகிறவர் வைத்தாலும் சரி, அவசரக்காரர் வைத்தாலும் சரி, காலுக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய ஒரே அழுத்தம். கைப்பிடியில் 5.07 என்று ஒரு எண் இருக்கும், அது கிராம் கணக்கு இல்லை, விசையைப் பத்தில் ஒரு மில்லிகிராம் அலகில் எடுத்து மடக்கை கண்ட எண். சர்ஜிக்கல் கடையில் '10 கிராம்' என்றாலும் '5.07' என்றாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

அது ஏன் 10 கிராம்? நல்ல நிலையில் இருக்கும் உள்ளங்கால் இதில் பத்தில் ஒரு பங்கு அழுத்தத்தைக்கூடப் பெரும்பாலும் உணர்ந்துவிடும். 10 கிராமே தெரியவில்லை என்றால் செருப்புக்குள் போன கல் தெரியாது, மதிய வெயிலில் கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு நடக்கும்போது கல் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்து உடைந்து செருப்பிலோ பாயிலோ ஈரம் பட்ட பிறகுதான் தெரியும். சுகர் இருப்பவர்களுக்குக் கால் புண் வருவதில் முக்கால்வாசிக் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. வலிக்காத புண்ணை யாரும் டாக்டரிடம் காட்டுவதில்லை.

இந்த இழைக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது, அதில் நம் வேலூருக்கும் பங்கு உண்டு. 1890-களில் ஜெர்மனியில் மாக்ஸ் ஃபான் ஃப்ரை என்பவர் குதிரை முடியைக் குச்சியில் ஒட்டித் தோலில் எங்கெங்கே தொடு உணர்வு இருக்கிறது என்று அளந்தார். முடி ஈரத்துக்கும் வெயிலுக்கும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், பிறகு அமெரிக்காவில் ஜோசஃபின் செம்மெஸ், சிட்னி வைன்ஸ்டைன் இருவரும் நைலானுக்கு மாறினார்கள். 1960 வாக்கில் அவர்கள் வெளியிட்ட வேலை காலைப் பற்றியதே இல்லை, போரில் தலையில் குண்டடிபட்டு மூளை சேதமான வீரர்களுக்குத் தொடு உணர்வு எப்படி மாறுகிறது என்பதைப் பற்றியது. அதாவது இந்தக் கருவி மூளையைப் படிக்கப் பிறந்தது, பாதத்துக்கு அப்புறம்தான் வந்தது.

பாதத்துக்கு வந்த வழியில்தான் பால் பிராண்ட் வருகிறார். 1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்த அறுவை மருத்துவர். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அழிவது நோய் சதையைத் தின்பதால் அல்ல, உணர்வு போனதால் அவர்கள் அறியாமலே பட்டுக்கொள்கிற காயங்களால் என்று அங்கே இருந்தபடி காட்டியவர். பிறகு அமெரிக்காவில் லூசியானாவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அதே கார்வில்லில்தான் பிர்க், சிம்ஸ் என்ற இருவர் தொழுநோயாளிகளையும் சர்க்கரை நோயாளிகளையும் பல தடிமன் இழைகளால் பரிசோதித்து, உள்ளங்காலில் புண் வந்தவர்களுக்கு 10 கிராம் தெரிவதில்லை என்று 1986-ல் எழுதினார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க சுகர் கிளினிக்குகளில் 10 கிராம் இழை இருப்பதற்குக் காரணம் அதுதான். இன்றும் சுகர்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கிற எம்சிஆர் (மெத்தென்ற ரப்பர்) செருப்பும் தொழுநோய்க் கால்களிடமிருந்து வந்ததுதான்.

சரி, வாங்கின பொருளுக்கு வருகிறேன். வந்ததும் முதலில் நான் செய்தது, கேக் செய்ய வைத்திருக்கிற சின்ன டிஜிட்டல் தராசில் இழையை நேராக நிறுத்தி மெதுவாக அழுத்திப் பார்த்ததுதான். எண் ஏறிக்கொண்டே போய், இழை வளையும் இடத்தில் 10-ஐ ஒட்டி நின்றது, சில தடவை கொஞ்சம் கீழே, சில தடவை கொஞ்சம் மேலே. கையால் வைக்கிற பொருளுக்கு இது நல்ல அளவு. வாங்குகிற எல்லாரும் இதை ஒரு தடவை செய்து பாருங்கள், ஏனென்றால் ஆன்லைனில் கிடைக்கிற எல்லா இழையும் ஒரே தரம் இல்லை, பெட்டியில் 10 கிராம் என்று அச்சடித்திருப்பது மட்டும் போதாது. சில மாதம் கழித்து அதே தராசில் மறுபடி பார்த்தால் இழை தளர்ந்திருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சுகர் வந்து ரொம்ப வருடம் ஆகிறது. காலில் எரிச்சல் இருந்து, அப்புறம் எரிச்சல் குறைந்து, அதை அவர் நல்ல செய்தியாகச் சொல்ல ஆரம்பித்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. எரிச்சல் நிற்பது நரம்பு தேறுவதாலும் இருக்கலாம், நரம்பு மேலும் மரத்துப் போவதாலும் இருக்கலாம். அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இதை வாங்கினேன்.

கட்டிலில் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, முதலில் முழங்கையில் ஒரு தடவை வைத்துக் காட்டினேன், எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவேண்டும் அல்லவா. பிறகு இரண்டு பாதத்திலும் மூன்று மூன்று இடம்: கட்டைவிரலின் அடிப்பக்கம், அதற்குக் கீழே உள்ளங்காலில் இருக்கிற மேடு, சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிற மேடு. இடது காலில் பிரச்சினை இல்லை, தொட்ட உடனே பதில், எந்த இடம் என்றும் சரியாகச் சொன்னார். வலது காலில் சுண்டுவிரல் மேட்டுக்கு வந்தபோதுதான் விஷயம் சுவாரசியமானது. முதல் தடவை, "தெரியுதும்மா." கொஞ்சம் பொறுத்து அதே இடத்தில், அதே இழை, அதே மாதிரி வளைகிற வரைக்கும் வைத்தேன், ஒரு பதிலும் இல்லை. "தொட்டாச்சாப்பா?" என்று கேட்டதற்கு, "இன்னும் தொடலையே" என்றார். மூன்றாவது தடவை மறுபடி தெரிந்தது. நான்காவதாக இழையை வைக்காமலே, "இப்ப தெரியுதாப்பா?" என்றேன். "ம், லேசா தெரியுது" என்றார்.

பொய் சொல்கிறாரா? இல்லவே இல்லை. தெரியாவிட்டால் மகள் கவலைப்படுவாள் என்ற எண்ணம் ஒரு பக்கம் இருக்கலாம், ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. உணர்வின் விளிம்பில் இருக்கிற ஒரு தொடுதலுக்கு எந்த மனிதரின் மூளையும் இப்படித்தான் பதில் சொல்லும், ஒரு தடவை ஆமாம், ஒரு தடவை இல்லை, சில சமயம் ஒன்றுமே இல்லாததற்கு ஆமாம்.

பாதத்தின் தோலில் அழுத்தம் பட்டதும் அங்கே இருக்கிற நரம்பு முனைகள் துடிப்புகளை அனுப்புகின்றன, அவை முதுகுத்தண்டு வழியாக ஏறி, மூளையின் நடுவில் இருக்கிற தலாமஸ் வழியாக மூளையின் தொடு உணர்வுப் பகுதிக்குப் போகின்றன. கணுக்கால் நரம்பில் மின்துடிப்பு கொடுத்து அளந்தால் மூளையில் அதன் அலை சுமார் 40 மில்லிவினாடியில் வந்துவிடுகிறது. இவ்வளவு வேகமான, நேரான பாதை இருந்தும், ஒரே அளவு தொடுதலுக்கு மூளையில் எழும் அலை ஒவ்வொரு தடவையும் வேறு உயரத்தில் இருக்கிறது. காரணம், செய்தி போய்ச் சேரும்போது மூளை சும்மா காத்துக்கொண்டிருப்பதில்லை, அது ஏற்கனவே தன் வேலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. தொடு உணர்வுப் பகுதியில் வினாடிக்குப் பத்துத் தடவை அளவில் ஓடுகிற ஒரு தாளம் உண்டு, மியூ தாளம் என்பார்கள். அது கணத்துக்குக் கணம் பலமாகவும் பலவீனமாகவும் ஆகிறது. விரலுக்குக் கொடுத்த மெல்லிய மின்துடிப்பை வைத்து 2004-ல் வந்த ஓர் ஆய்வில், துடிப்புக்குச் சற்று முன்னால் அந்தத் தாளம் ரொம்பப் பலமாக இருந்தபோதும் சரி, ரொம்ப அடங்கியிருந்தபோதும் சரி, ஆட்கள் அதைத் தவறவிட்டார்கள், நடுத்தரமாக இருந்தபோதுதான் நன்றாகக் கண்டுபிடித்தார்கள். அதாவது தொடுவதற்கு முன்னாலேயே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது.

மெக்சிகோவில் விக்டர் தெ லாஃபுவென்தே, ரனுல்ஃபோ ரோமோ இருவரும் குரங்குகளை வைத்து 2005-ல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. விரல் நுனியில் மிக லேசான அதிர்வைக் கொடுத்து, உணர்ந்தால் ஒரு பொத்தான், உணராவிட்டால் வேறொரு பொத்தான் என்று பழக்கினார்கள். ஒரே அளவு அதிர்வுக்குக் குரங்கு சில தடவை ஆமாம் என்றது, சில தடவை இல்லை என்றது. இரண்டு நேரத்திலும் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால், தொடுதல் முதலில் வந்து இறங்குகிற பகுதியின் நியூரான்கள் அதிர்வு எவ்வளவு பலம் என்பதைத்தான் காட்டின, குரங்கு என்ன பதில் சொல்லப்போகிறது என்பதை அவை காட்டவில்லை. அந்தப் பதில் முன்பக்க மூளையில், அசைவைத் திட்டமிடுகிற பகுதியின் நியூரான்களில் தெரிந்தது. காலிலிருந்து செய்தி வந்து சேர்வது ஒன்று, அது 'எனக்குத் தெரியுது' என்று ஆவது வேறொன்று. அப்பாவுக்கு இரண்டாவது தடவை தெரியாமல் போனதற்கு அந்த இடைவெளி போதும்.

இதயத்துடிப்புக்கும் இதில் பங்கு இருக்கிறது என்று படித்தபோது நம்பவே முடியவில்லை. ஜெர்மனியில் லைப்ஸிக் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு அது. விரலில் கொடுத்த மெல்லிய மின்துடிப்பு, இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகிற நேரத்தில் விழுந்தால் குறைவாகவும், இதயம் விரிகிற நேரத்தில் விழுந்தால் அதிகமாகவும் உணரப்பட்டது. ஒவ்வொரு துடிப்பிலும் உடம்பு முழுக்க நாடி அடிக்கிறது, அதை நாமே தொடுதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக மூளை அந்த நேரத்தில் கொஞ்சம் அடக்கிவைக்கிறது என்று விளக்கம் தருகிறார்கள். இது போதாதென்று, காலை அசைத்தால் அந்தக் காலின் தொடு உணர்வு அந்த நேரத்துக்குக் குறையும். கவனம் வேறெங்காவது போனாலும் குறையும்.

இவ்வளவு ஆட்டம் இருந்தும் உங்களுக்கும் எனக்கும் செருப்பில் கல் ஏறினால் எப்போதும் தெரிகிறது, ஏனென்றால் நல்ல காலிலிருந்து வருகிற செய்தி பலமானது, மூளை எந்த நிலையில் இருந்தாலும் அதைத் தாண்டி வந்துவிடும். சர்க்கரை நோய் கெடுப்பது மூளையின் இந்த ஆட்டத்தை அல்ல, பாதத்தின் நரம்பை. நரம்பு கெடக் கெடச் செய்தி மெலிகிறது, மெலிந்த செய்தி தெரிவதும் தெரியாததும் அந்தக் கணத்தில் மூளை எப்படி இருந்தது என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது. அப்பாவின் வலது காலில் கிடைத்த கலந்த பதிலை நான் 'பரிசோதனை சரியாக வரவில்லை' என்று ஒதுக்கவில்லை. 10 கிராம் என்பது அவருக்கு அந்த இடத்தில் விளிம்புக்கு வந்துவிட்டது என்பதையே அந்தக் கலப்பு சொல்கிறது. இடது காலில் கலப்பே இல்லை என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இது பெரிய தகவல், ஒரே தடவை தொட்டு டிக் போட்டிருந்தால் இரண்டு காலும் நார்மல் என்று எழுதியிருப்பேன்.

அதனால் பயன்படுத்துகிற முறைதான் பொருளைவிட முக்கியம். சர்வதேச டயபட்டிக் ஃபுட் வழிகாட்டியில் இருக்கிற முறை எளியது: ஒவ்வொரு இடத்திலும் இரண்டு தடவை இழையை வைத்துக் கேட்க வேண்டும், நடுவில் ஒரு தடவையாவது வைக்காமலே கேட்க வேண்டும். மூன்று கேள்வியில் இரண்டுக்குச் சரியான பதில் வந்தால் அங்கே உணர்வு இருக்கிறது, இரண்டு தவறினால் இல்லை. எந்தக் காலில், எந்த இடத்தில் என்றும் கேட்க வேண்டும். இழை தோலைத் தொட்டு, வளைந்து, விலகுவது எல்லாம் சேர்த்து இரண்டு வினாடி. நகர்த்தக்கூடாது, தேய்க்கக்கூடாது. புண், ஆணி, தடித்த தோல் மேலே வைக்காமல் அதன் ஓரத்தில் வைக்க வேண்டும். வைக்காமல் கேட்பதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டாம், மேலே சொன்ன 'ம், லேசா தெரியுது' என்பதைப் பிடிக்க வேறு வழியே கிடையாது. நான் இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: ஒரே இடைவெளியில் தொடாமல், சில தடவை சீக்கிரம், சில தடவை தாமதமாக. ஒரே தாளத்தில் தொட்டால் அடுத்தது எப்போது வரும் என்று ஆள் எண்ணியே சொல்லிவிடுவார், அப்பா அப்படிச் செய்வதைக் கண்ணால் பார்த்தேன். டிவியை நிறுத்திவிடுங்கள், மின்விசிறிக் காற்று நேரே காலில் அடிக்கவேண்டாம், சாப்பிட்டுத் தூக்கம் சொக்குகிற நேரமும் வேண்டாம்.

இப்போது இதை கிளினிக்கில் செய்கிற பரிசோதனையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நிறைய இடத்தில் 'நரம்பு டெஸ்ட்' என்ற பெயரில் எடுப்பது பயோதீசியோமீட்டர். கையில் பிடிக்கிற ஒரு அதிர்வுக் கம்பு, அதைப் பாதத்தில் வைத்து வோல்ட்டை மெதுவாக ஏற்றுவார்கள், அதிர்வு தெரிந்ததும் சொல்ல வேண்டும். 0-லிருந்து 50 வோல்ட் வரை போகும், 25-ஐத் தாண்டினால்தான் தெரிகிறது என்றால் புண் வரும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். வயது ஏற ஏற இந்த எண் இயல்பாகவே ஏறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நல்ல கருவிதான், ஆமாம் இல்லை என்பதற்குப் பதில் ஓர் எண் தருகிறது. ஆனால் அந்த எண்ணுக்குள்ளும் அதே ஆட்டம் உட்கார்ந்திருக்கிறது. அதிர்வு எப்போது தெரிந்தது, தெரிந்ததை வாய் திறந்து சொல்ல எவ்வளவு நேரம் ஆனது, திருகை எவ்வளவு வேகமாகத் திருப்பினார்கள் எல்லாம் அதில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை எடுத்துச் சராசரி போட்டால் இந்தக் குறை பெரும்பாலும் அடங்கும்.

நாங்கள் போன ஒரு மையத்தில் ஒரு தடவைதான் எடுத்தார்கள். அந்தப் பெண் வேறொருவருடன் பேசிக்கொண்டே திருகைத் திருப்பினார், அதிர்வுக் கம்பு கொர்ரென்று சத்தம் போடும், சத்தம் கூடுவதைக் கேட்டே அப்பா கையைத் தூக்கினார், முழங்கையில் வைத்துக் காட்டவும் இல்லை. அழகான கலர் படத்தோடு ரிப்போர்ட் வந்தது, வலது காலுக்கு 22, மஞ்சள் நிறம். கொஞ்ச நாள் கழித்து வேறொரு டாக்டரிடம் போனபோது அங்கே இருந்த டெக்னீஷியன் ஒவ்வொரு இடத்திலும் மூன்று தடவை நிதானமாக எடுத்து மூன்று எண்ணையும் எழுதினார், சராசரி 27, சிவப்பு. நரம்பு அந்தக் கொஞ்ச நாளில் கெட்டுப்போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மூன்று எண்ணும் ரிப்போர்ட்டில் இருந்ததால்தான் எனக்கு அந்த இரண்டாவது இடத்தின் மேல் மரியாதை வந்தது. 23-லிருந்து 30 வரை சிதறிக் கிடந்தன, அந்தச் சிதறலைப் பார்த்த டாக்டர் இழையையும், அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கிற ட்யூனிங் ஃபோர்க்கையும் தானே எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். பணம் கொடுத்து எடுக்கிற பரிசோதனை, காலை வைத்திருக்கலாமா எடுக்கலாமா என்கிற அளவுக்குப் போகக்கூடிய நோய், அதில் இன்னும் இரண்டு நிமிடம் செலவு செய்ய மாட்டோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கே போனாலும், "ஒவ்வொரு இடத்திலும் எத்தனை தடவை எடுப்பீங்க, எல்லா எண்ணையும் எழுதித் தருவீங்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

மூளை அலையையே நேரடியாக அளக்கிற எஸ்எஸ்இபி பரிசோதனையில்கூட ஒரே துடிப்பை நம்புவதில்லை. கணுக்காலில் நூற்றுக்கணக்கான மின்துடிப்புகளைக் கொடுத்து, வந்த அலைகளை எல்லாம் சராசரி போட்ட பிறகுதான் சின்ன அலை தலை காட்டும். அதையும் இரண்டாவது தடவை முழுசாக எடுத்து, இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதா என்று பார்த்த பிறகே நம்புவார்கள். லட்சக்கணக்கில் விலை போகிற மெஷினுக்கே அந்த ஒழுங்கு தேவை என்றால் சில நூறு ரூபாய் இழைக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

இழை வாங்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்தப் பொருளை மட்டும் பாராட்டுவது நியாயம் இல்லை. இங்கிலாந்தின் இப்ஸ்விச் மருத்துவமனையில் ஜெர்ரி ரேமன் குழுவினர் 2011-ல் வெளியிட்ட இப்ஸ்விச் டச் டெஸ்ட். கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் மிக லேசாக ஒன்றிரண்டு வினாடி தொட வேண்டும், அவ்வளவுதான். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தடவக்கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். பைசா செலவில்லை, இழை சோதனையோடு நன்றாகவே ஒத்துப்போகிறது என்று பார்த்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இதில் ஆறும் தெரிந்தது. விரல் நுனியில் தெரிந்துவிட்டது, உள்ளங்கால் மேட்டில் கலந்து வந்தது, அதனால் என் மட்டில் இழைக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஆனால் ஊரில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்கு நான் சொல்லிக் கொடுத்தது விரலால் தொடுவதைத்தான்.

பொருளின் குறைகளைச் சொல்கிறேன். முதலாவது, அந்தத் தாள். ஒவ்வொரு பாதத்துக்கும் பத்து வட்டம் போட்ட படம், ஆங்கிலத்தில் நான்கு வரி, அவ்வளவுதான். வைக்காமல் கேட்க வேண்டும் என்பது எங்கேயும் இல்லை, இரண்டு தடவை வைக்க வேண்டும் என்பதும் இல்லை. இங்கே விற்கிற பொருளுக்குத் தமிழில் அரைப் பக்கம் போட்டால் என்ன குறைந்துவிடும்? இரண்டாவது, நைலான் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் தளரும். மழைக்காலத்தில் குளியலறை அலமாரியில் வைத்தால் 10 கிராம் என்பது அதைவிடக் குறைந்துவிடும், இது எச்சரிக்கையாக எழுதப்பட்டிருக்க வேண்டிய விஷயம். மூன்றாவது, தொடர்ந்து வளைந்தால் இழை களைத்துப்போகும். ஏறக்குறைய பத்துப் பேருக்குப் பார்த்த பிறகு ஒரு நாள் முழுக்க ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது ஆய்வில் வந்த கணக்கு. வீட்டில் ஒருவருக்குப் பார்ப்பதற்கு இது தொந்தரவு இல்லை, ஆனால் முகாம்களில் காலையிலிருந்து மதியம் வரை ஒரே இழையை வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் வைப்பதைப் பார்த்திருக்கிறேன், கடைசியில் வருகிறவருக்கு அது எத்தனை கிராம் என்று யாருக்கும் தெரியாது. நான்காவது, மூடி. என்னுடையதில் இழை மடங்கி கைப்பிடிக்குள் போகிறது, அது நல்ல ஏற்பாடு. இழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வகையை வாங்காதீர்கள், பையில் போட்டால் நுனி கோணி விடும், கோணின இழையைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், ஒன்றைக் குறைத்தது முழுக்க அந்தத் தாளுக்காக.

யாருக்கு வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலில் ஏற்கனவே புண் இருக்கிறவர், பாதம் ஒரு பக்கம் சிவந்து சூடாக வீங்கியிருப்பவர் இதை வாங்கி நேரத்தை வீணாக்க வேண்டாம், நேராக டாக்டரிடம் போங்கள். உணர்வு போய்விட்டது என்று டாக்டர் ஏற்கனவே சொன்னவருக்கும் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. அவருக்கு வேண்டியது தினமும் ராத்திரி யாராவது உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் வெளிச்சத்தில் பார்ப்பது, செருப்பைப் போடுவதற்கு முன்னால் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது. சுகர் இருந்தும் இதுவரை காலைப் பரிசோதித்ததே இல்லை என்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரிடம் காட்டுங்கள், வீட்டு இழை அதற்கு மாற்று இல்லை. எங்களைப் போல நடுவில் இருப்பவர்களுக்கு, அதாவது காலில் இன்னும் புண் இல்லை, உணர்வும் முழுசாகப் போகவில்லை, ஆனால் எப்போது மாறுகிறது என்று தெரிய வேண்டும் என்பவர்களுக்குத்தான் இது. ஒரு நோட்டில் இடம் வாரியாக ஒவ்வொரு பதிலையும் அப்படியே எழுதி வையுங்கள், வைக்காமல் கேட்டதற்கு வந்த பதிலையும் சேர்த்து. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டைக் கொண்டு போங்கள்.